குழந்தை என்ஐசியூவில், வீடு விற்பனைக்கு

கமிஷனில் பிழைக்கிறவர்களுக்கு மகப்பேறு விடுப்பு என்று ஒன்று கிடையாது. எடுத்துக்கொள்ளலாம், யாரும் கையைப் பிடித்துத் தடுக்கப் போவதில்லை, ஆனால் வீட்டில் இருக்கிற மாதத்துக்குக் கணக்கில் எதுவும் வந்து விழாது, அவ்வளவுதான். வீடு, மனை வாங்கி விற்றுக் கொடுக்கிற எனக்கு இது தெரியாத விஷயமில்லை. அதனால் வயிற்றில் பிள்ளை தங்கியது தெரிந்த நாளிலிருந்தே திட்டம் போட்டு வைத்திருந்தேன். 36-வது வாரம் வரை ஓடுவது, அதற்குள் நடுவில் நிற்கிற பேரங்களை முடித்துவிடுவது, முடியாததைக் கூட வேலை பார்க்கும் தோழியிடம் கொடுத்துவிடுவது, அப்புறம் ஒரு மூன்று மாதம் போனைத் தொடாமல் பிள்ளையோடு இருப்பது. மகன் 30-வது வாரத்திலேயே வந்துவிட்டான்.

37 வாரம் முடியும் முன் பிறந்தால் குறைமாதம், 32 வாரத்துக்கும் முன்னால் என்றால் மிகக் குறைமாதம். உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி 2020-இல் சுமார் 1.34 கோடிக் குழந்தைகள் இப்படிக் குறைமாதத்தில் பிறந்திருக்கிறார்கள். ஏறக்குறைய பத்தில் ஒன்று. பத்தில் ஒரு பேரம் பாதியில் கவிழும் என்றால் எங்கள் தொழிலில் அதற்கு முன்பணம், காலக்கெடு, அபராதம் என்று ஒப்பந்தத்தில் நாலு ஷரத்து எழுதி வைப்போம். பிரசவத்துக்கு மட்டும் நாள் குறித்ததும் அந்த நாளில்தான் நடக்கும் என்று எல்லோரும் நம்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம்.

எனக்கு ரத்த அழுத்தம் ஏறியதுதான் காரணம். ஒரு சாதாரணப் பரிசோதனைக்குப் போன இடத்தில் இரண்டு தடவை அளந்து பார்த்துவிட்டு, முகத்தில் எதையும் காட்டிக்கொள்ளாமல், அட்மிட் ஆகிவிடுங்கள் என்றார்கள். குழந்தையின் நுரையீரல் சீக்கிரம் பக்குவப்படுவதற்காக எனக்கு ஸ்டீராய்டு ஊசி போட்டார்கள், அது வேலை செய்ய ஒரு நாளாவது கிடைத்தால் நல்லது, அதுவரை அழுத்தத்தைக் கட்டுக்குள் வைத்துப் பார்க்கலாம் என்றார்கள். இந்த ஊசிக்குப் பின்னால் இருப்பது ஒரு ஆட்டுக்குட்டிக் கதை. நியூசிலாந்தில் லிக்கின்ஸ் என்ற மருத்துவர், பிரசவ வலியை எது தூண்டுகிறது என்று ஆடுகளை வைத்து ஆராய்ந்துகொண்டிருந்தவர், ஸ்டீராய்டு கொடுத்த பிறகு மிகவும் முன்கூட்டியே பிறந்த குட்டி, கணக்குப்படி மூச்சே விட முடியாத குட்டி, மூச்சு விடுவதைப் பார்த்திருக்கிறார். ஹவி என்ற குழந்தை மருத்துவரோடு சேர்ந்து கர்ப்பிணிகளிடம் அதைச் சோதித்து 1972-இல் முடிவை வெளியிட்டார். தேடியது ஒன்று, கிடைத்தது இன்னொன்று. கிடைத்ததுதான் என் மகனுக்கு வேண்டியிருந்தது.

அந்த ஒரு நாளில் நான் செய்தது, படுத்தபடியே வேலையை ஒப்படைத்தது. எந்த வீட்டுச் சாவி யாரிடம் இருக்கிறது, எந்த விற்பவருக்குக் காலையில் கூப்பிட்டால் கோபம் வரும், எந்த வாங்குபவருக்கு வங்கிக் கடன் இன்னும் கையெழுத்தாகவில்லை, எந்தப் பத்திரத்தின் நகலில் ஒரு பக்கம் குறைகிறது. தோழிக்கு ஒவ்வொன்றாகக் குரல் பதிவாக அனுப்பினேன். கையில் கட்டியிருந்த பட்டை கொஞ்ச நேரத்துக்கு ஒரு தடவை தானாகவே காற்றை ஏற்றிக்கொண்டு இறுக்கும், அந்தக் கையில்தான் போனும் இருக்கும், இறுக்கும்போது பேச்சை நிறுத்திவிட்டு அது தளர்ந்ததும் தொடருவேன். பிற்பாடு தோழி சொன்னாள், பதிவுகளில் ஒவ்வொரு வாக்கியத்துக்கு நடுவிலும் அந்த மெஷின் சத்தம்தான் கேட்டதாம். பார்க்கிறவர்களுக்கு இது பைத்தியக்காரத்தனமாக இருந்திருக்கும். எனக்கு அது உதவியது என்றுதான் இப்போதும் சொல்வேன். பயத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாதபோது, சாவி யாரிடம் என்பது தெரிந்த விஷயம்.

பணத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், இதைத்தான் யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. இந்தத் தொழிலில் இன்று ஓடுகிற ஓட்டத்துக்கான காசு இன்று வராது. வீட்டைக் காட்டி, பேசி, முன்பணம் கைமாறி, கடன் கிடைத்து, பதிவு முடிந்து, அதற்கப்புறம்தான் கமிஷன். இரண்டு மூன்று மாதம் ஆகிவிடும். ஆகவே குழந்தை ஆஸ்பத்திரியில் இருக்கும்போது கணக்கில் பணம் வந்துகொண்டுதான் இருக்கும், பிரசவத்துக்கு முன் உழைத்த உழைப்பின் பணம். பரவாயில்லை, சமாளித்துவிடுவோம் போலிருக்கிறதே என்று தோன்றும். பள்ளம் பின்னால் வரும். குழந்தை வீட்டுக்கு வந்து, கண் மருத்துவர், நரம்பியல் மருத்துவர், பிசியோதெரபி என்று அலைகிற மாதங்களில், அதாவது வேலைக்குப் போகவே முடியாத மாதங்களில், கணக்கு காலியாக இருக்கும், ஏனென்றால் என்ஐசியூ, அதாவது பச்சிளங்குழந்தைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவு, அதன் வாசலில் உட்கார்ந்திருந்த நாட்களில் புதிதாக எதையும் விதைக்கவில்லை. இது புரிந்த பிறகுதான், குழந்தை உள்ளே இருக்கும்போதே நான் கொஞ்சமாவது வேலை பார்க்க வேண்டும் என்று முடிவெடுத்தேன். தியாகமும் இல்லை, பேராசையும் இல்லை, வெறும் கூட்டல் கழித்தல்.

ஆனால் எவ்வளவு, எதை, எந்த நேரத்தில் என்பதுதான் கேள்வி. அதற்கு நான் கண்டுபிடித்த ஒரே அளவுகோல், இந்த மணி நேரத்தில் நான் செய்வதை வேறு யாராவது செய்ய முடியுமா என்பது. அதை இரண்டு பக்கமும் கேட்க வேண்டும், ஆஸ்பத்திரிப் பக்கமும் வேலைப் பக்கமும்.

முதல் சில நாட்களில் ஆஸ்பத்திரிப் பக்கம் நான் செய்ய எதுவுமே இல்லை என்பதுதான் உண்மை. ஒன்றேகால் கிலோ. மூக்கில் சி-பேப் என்று மூச்சுக்கு உதவியாகக் காற்றை அழுத்தத்தோடு உள்ளே செலுத்தும் கருவி, வாய் வழியாக வயிற்றுக்கு ஒரு குழாய், தொப்புளில் ஒரு மெல்லிய ரத்தக்குழாய் லைன், காலில் சிவப்பாக மினுங்கும் ஒரு சென்சார். நுரையீரலின் காற்றுப் பைகள் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க உள்ளே சர்ஃபாக்டன்ட் என்று ஒரு வழுவழுப்பான பொருள் சுரக்க வேண்டும், இந்த வயதில் அது போதுமான அளவு இருக்காது, ஆகவே அதை மருந்தாகக் குழாய் வழியே உள்ளே விட்டார்கள். 1963-இல் அமெரிக்க ஜனாதிபதி கென்னடியின் மகன் பாட்ரிக் ஐந்தரை வாரம் முன்னதாகப் பிறந்தான், இரண்டு கிலோவுக்கும் மேல் எடை. என் மகனைவிட எவ்வளவோ முற்றிய குழந்தை. அவனால் இரண்டு நாள்கூடத் தாக்குப்பிடிக்க முடியவில்லை, இந்தச் சர்ஃபாக்டன்ட் குறைவுதான் காரணம். அதைக் குறைமாதக் குழந்தைகளுக்கு வெளியிலிருந்து கொடுத்து வெற்றி கண்ட செய்தி ஜப்பானிலிருந்து 1980-இல்தான் வந்தது. ராத்திரி தூக்கம் வராமல் இதையெல்லாம் படித்துக்கொண்டிருப்பேன். தினம் கஃபீனும் கொடுத்தார்கள். ஆமாம், காபியில் இருக்கிற அதே கஃபீன்தான். மூளை மூச்சுவிட மறந்துபோகாமல் இருக்க.

மறந்துபோவதை நேரில் பார்த்தால்தான் தெரியும். மானிட்டரில் ரத்தத்தின் ஆக்சிஜன் அளவைக் காட்டும் எண் 90-க்குக் கீழே சரியும், அலாரம் அடிக்கும், என் கண் உடனே திரைக்குப் போகும், நர்ஸின் கண் மட்டும் திரைக்குப் போகாது. நேராகக் குழந்தையைப் பார்ப்பார். நெஞ்சு ஏறி இறங்குகிறதா, நிறம் எப்படி இருக்கிறது. அப்புறம் நிதானமாகக் கையை உள்ளே விட்டு உள்ளங்காலை ஒரு விரலால் லேசாகத் தட்டுவார், அவன் ஞாபகம் வந்தவன் போல மூச்சை இழுப்பான், எண் மேலே ஏறும். இதற்குள் எனக்கு வேர்த்து வடிந்திருக்கும். "குழந்தையைப் பாருங்கம்மா, மெஷினைப் பார்க்காதீங்க" என்று ஒரு சிஸ்டர் சொன்னார். அது அவ்வளவு சுலபமாக வரவில்லை, ஆனாலும் முயற்சி செய்தேன்.

போனை உள்ளே கொண்டுபோவதில் கறாராக இருந்தார்கள், அது நல்லதுக்குத்தான். முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு அடுத்த நிமிடம் போனைத் தொட்டால் கழுவினதுக்கு அர்த்தமே இல்லை. லாக்கரில் வைத்துவிட்டுப் போவேன். எங்கள் தொழிலில் போனை எடுக்காதவன் தொலைந்தான் என்று சொல்வார்கள், ஒரு தடவை எடுக்கவில்லையென்றால் கஸ்டமர் அடுத்த ஏஜென்டுக்குப் போய்விடுவார் என்பது எங்களுக்கு முதல் நாளே சொல்லிக்கொடுக்கிற பாடம். பாதி உண்மைதான். போகிறவர்கள் போனார்கள். வீடு பார்க்கிற மனநிலையில் மட்டும் இருப்பவர்கள், ஐந்து ஏஜென்டிடம் ஒரே நேரத்தில் கேட்டுவைத்திருப்பவர்கள், அவர்கள் போனதில் எனக்கு நஷ்டம் ஒன்றுமில்லை. வாங்கியே ஆக வேண்டும், விற்றே ஆக வேண்டும் என்றிருந்தவர்கள் காத்திருந்தார்கள்.

அவர்களிடம் என்ன சொல்வது என்று ஆரம்பத்தில் ரொம்ப யோசித்தேன். எல்லோரிடமும் எல்லாவற்றையும் சொன்னால் ஒவ்வொரு போனும் ஆறுதல் போனாகிவிடும், அதற்கு வேறு தெம்பு வேண்டும். எதுவுமே சொல்லாமல் விட்டால் பொறுப்பில்லாதவள் என்று நினைப்பார்கள். கடைசியில் ஒரே வாசகத்தை எல்லோருக்கும் அனுப்பினேன். குழந்தை குறைமாதத்தில் பிறந்து ஆஸ்பத்திரியில் இருக்கிறான், மதியம் ஒரு மணி நேரமும் ராத்திரி எட்டுக்கு மேலும் பேசுவேன், அவசரம் என்றால் இந்த எண், அவருக்கு உங்கள் விவரம் எல்லாம் தெரியும். அவ்வளவுதான். இதில் முக்கியம் அந்த நேரத்தைச் சொன்னதுதான். எப்போது கூப்பிட்டால் எடுப்பேன் என்று தெரிந்துவிட்டால் ஜனங்கள் ஆச்சரியப்படும்படி பொறுமையாக இருக்கிறார்கள். ஒரு பெரியவர், வீட்டை விற்கக் கொடுத்திருந்தவர், தினமும் எட்டு மணி தாண்டியதும் கூப்பிட்டு, "இன்னிக்கு எத்தனை கிராம் ஏறினான் மேடம்?" என்று மட்டும் கேட்பார். வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கமாட்டார். நானாகத்தான் சொல்ல வேண்டும். இன்னொருவர், பதிவை ஒரு வாரம் தள்ளிவைக்க முடியுமா என்று கேட்டதற்கு, "உங்க பர்சனல் விஷயத்துக்கு நான் ஏன் மேடம் வட்டி கட்டணும்?" என்றார். கோபம் வந்தது. அவர் கேட்டதில் தப்பில்லை என்பதும் தெரிந்தே கோபம் வந்தது. அந்த ஃபைலை அன்றைக்கே தோழியிடம் தள்ளிவிட்டேன்.

எதைத் தள்ளலாம் எதைத் தள்ளக்கூடாது என்பதில் நான் நினைத்தது ஒன்று, நடந்தது ஒன்று. வீடு காட்டுவது என் பலம், நான் நேரில் போனால்தான் வீடு விலைபோகும் என்று ஒரு நினைப்பு இருந்தது. யார் காட்டினாலும் வீடு வீடுதான். தோழி காட்டினாள், புகைப்படமும் வீடியோவும் எடுக்க ஒரு தம்பியை வைத்தோம், சாவி வாங்கிக் கொடுப்பது, அளவெடுக்க வருபவரோடு நிற்பது, வங்கி மதிப்பீட்டாளரைக் கூட்டிப்போவது எல்லாம் என் கையை விட்டுப் போயின, ஒன்றும் குடி முழுகவில்லை. விலை பேசுவது மட்டும் போகவில்லை. விற்பவர் எதற்காக விற்கிறார், எவ்வளவு வரை இறங்குவார், எந்த வார்த்தையில் முறுக்கிக்கொள்வார் என்பது ஆறு மாதம் பேசிப் பேசி எனக்குள் சேர்ந்தது, அதைக் குரல் பதிவில் அனுப்ப முடியவில்லை. நல்லவேளையாக விலை பேசுவது போனில் நடக்கிற வேலை. கமிஷனில் அவளுக்கு எவ்வளவு, எனக்கு எவ்வளவு என்பதை ஒவ்வொரு ஃபைலுக்கும் தனித்தனியாக எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டோம். நெருங்கிய தோழியிடம் போய் எழுத்தில் கேட்பதா என்று என் கணவருக்குச் சங்கடம். நெருங்கிய தோழி என்பதால்தான் எழுதவே வேண்டும் என்பது என் கட்சி. சொத்து விஷயத்தில் வாய்ப்பேச்சை நம்பிப் பிரிந்துபோன உறவுகளைப் பார்ப்பதே என் பிழைப்பு.

ஆஸ்பத்திரிப் பக்கம் யாராலும் எனக்குப் பதிலாகச் செய்ய முடியாதது ஒன்றுதான் முதலில் கிடைத்தது, பால். மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை, ராத்திரியும் சேர்த்து, பீய்ச்சி எடுக்க வேண்டும். குழந்தை சப்பிக் குடிக்காதபோது உடம்புக்குப் பால் வேண்டும் என்று எப்படித் தெரியும், மெஷின்தான் தெரியப்படுத்த வேண்டும். முதலில் வந்த சீம்பால் சில சொட்டுகள், அதைக்கூட வீணாக்காமல் பஞ்சில் தொட்டு அவன் கன்னத்தின் உட்புறம் தடவினார்கள். அப்புறம் ஊசியில்லாத சிரிஞ்சில் ஒரு மில்லி, இரண்டு மில்லி, குழாய் வழியாக. குறைமாதக் குழந்தைகளின் குடல் அழற்சியாகி அழுகிப்போகிற ஒரு பயங்கரமான நோய் உண்டு, தாய்ப்பால் அந்த ஆபத்தைக் குறைக்கிறது என்று மருத்துவர் சொன்னபிறகு நான் அந்த மூன்று மணி நேரக் கணக்கைத் தவறவிடவே இல்லை.

தவறவிடாமல் இருப்பதென்றால் எங்கே இருந்தாலும் எடுக்க வேண்டும். வேறு வழியில்லாமல் நானே போக வேண்டி வந்த ஒரு வீடு, காலி வீடு, மின்சாரம் துண்டிக்கப்பட்டு, குழாயில் தண்ணீர் இல்லாமல், உட்கார ஒரு நாற்காலிகூட இல்லாமல் கிடந்தது. வாங்க வந்தவர்கள் பால்கனியை டேப் வைத்து அளந்துகொண்டிருந்தார்கள். நான் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, கையோடு கொண்டுபோன தண்ணீரில் கை கழுவி, மேடையில் ஒரு சுத்தமான துணியை விரித்து, அதன் மேல் பாட்டிலை வைத்து, பேட்டரி பம்பைப் போட்டேன். காலி வீட்டில் சத்தம் எப்படி எதிரொலிக்கும் என்பது வீடு காட்டுகிறவர்களுக்குத் தெரியும், பம்பின் கர்புர் சத்தம் கூடம் வரைக்கும் போயிருக்கும். பாதியில் கதவைத் தட்டி ஒரு பெண் குரல், "மேடம், இந்த லாஃப்ட் எவ்வளவு ஆழம் இருக்கும்?" இரண்டடி என்று உள்ளிருந்தே கத்தினேன். நேரம், தேதி, அவன் பெயர் எழுதிய சீட்டை ஒட்டி, ஐஸ் பாக்கெட் போட்ட பெட்டியில் வைத்து மூடிவிட்டு வெளியே வந்தால் அந்தப் பெண் என் கையிலிருந்த பெட்டியைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை, கணவரிடம் போய் மெதுவாக ஏதோ சொன்னார். அப்புறம் இருவரும் அளவெடுப்பதைச் சீக்கிரம் முடித்துக்கொண்டார்கள். அந்த வீட்டை அவர்கள் வாங்கவில்லை. லாஃப்ட் ஆழம் போதவில்லை போலிருக்கிறது.

இரண்டாவது, கங்காரு முறை. குழந்தையை டயப்பரோடு மட்டும், வெற்று மார்பில், தோலோடு தோலாகப் படுக்கவைத்துத் துணியால் கட்டிக்கொள்வது. 1978-இல் கொலம்பியாவின் பொகோட்டாவில், இன்குபேட்டர் போதாமல் ஒரே பெட்டியில் இரண்டு மூன்று குழந்தைகளைப் போட வேண்டியிருந்த ஒரு ஆஸ்பத்திரியில், ரே என்ற மருத்துவர் தொடங்கிவைத்தது. வசதி இல்லாத இடத்தின் மாற்று ஏற்பாடு என்று நினைத்தது, வசதி இருக்கிற இடத்துக்கும் அதுதான் சிறந்தது என்று ஆகி, 2022-இல் உலக சுகாதார நிறுவனம், பிறந்த உடனேயே தொடங்கலாம், ஒரு நாளில் 8 முதல் 24 மணி நேரம் வரை செய்யலாம் என்றே சொல்லிவிட்டது. 24 மணி நேரம்! வேலை பார்க்கிற தாய்க்கு அந்த எண்ணைப் படிக்கும்போது வயிற்றைக் கலக்கும். நானும் கணவரும் மாற்றி மாற்றி உட்கார்ந்தோம், அப்பாவின் மார்பும் சூடாகத்தான் இருக்கும், குழந்தைக்குப் புகார் எதுவும் இல்லை. இவ்வளவு குழாயோடு அவனை வெளியே எடுத்து என் மேல் வைக்கவே இரண்டு பேர் வேண்டும், அதற்கே அவன் களைத்துப்போவான், ஆகவே எடுத்தால் ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் வைத்திருங்கள் என்றார்கள். அந்த நேரத்தை நாட்குறிப்பில் 'பதிவு' என்று எழுதிவைத்தேன். பத்திரப் பதிவு இருக்கிறது என்றால் எங்கள் ஆபீஸில் யாரும் எதற்கும் கூப்பிடமாட்டார்கள். முதல் தடவை அவனை வைத்ததும் கொஞ்ச நேரம் நெளிந்தான், அப்புறம் ஒரு கன்னம் என் எலும்பின் மேல் பதிந்தது, எறும்பு ஊர்வது போல மூச்சு பட்டது. திரையில் அவன் நாடித் துடிப்பு 170-லிருந்து 150-க்கு வந்து அங்கேயே நின்றது. மெஷினைப் பார்க்காதே என்று சொன்ன சிஸ்டரே, "இப்ப வேணா பாருங்க" என்றார்.

மூன்றாவது, காலை ரவுண்ட்ஸ். மருத்துவர்கள் எல்லோரும் ஒன்றாக வந்து ஒவ்வொரு குழந்தையாகப் பேசுகிற நேரம் அது ஒன்றுதான், கேள்வி கேட்க ஏற்ற நேரமும் அதுதான். பத்திரம் படிக்கிற பழக்கம் எனக்கு இங்கே கைகொடுத்தது. நேற்று சொன்னதையும் இன்று சொல்வதையும் ஒப்பிடுவது, ஒரு எண் மாறினால் ஏன் என்று கேட்பது, புரியாததைப் புரிந்த மாதிரித் தலையாட்டாமல் இருப்பது. எடை, பால் அளவு, ஆக்சிஜன் அளவு, மூச்சு நின்ற தடவைகள் என்று நாலு பத்தி போட்ட சின்ன நோட்டு ஒன்று எப்போதும் கையில் இருக்கும்.

ஆனால் ஒரு விஷயத்தில் என் தொழில் பழக்கம் எனக்கே கசந்தது. "கவலையே படாதீங்க சார், கண்டிப்பா முடிஞ்சிடும்" என்று நாளொன்றுக்கு எத்தனை தடவை சொல்கிறவள் நான். என்ஐசியூவில் யாரும் அப்படிச் சொல்லவே மாட்டார்கள். இன்று நன்றாக இருக்கிறான், நாளை பார்க்கலாம். எப்போது வீட்டுக்கு அனுப்புவீர்கள் என்று கேட்டால், பெரும்பாலும் பிரசவத்துக்குக் குறித்த நாளையொட்டி இருக்கும், முன்னேயும் ஆகலாம் பின்னேயும் ஆகலாம். சப்புவது, விழுங்குவது, மூச்சுவிடுவது மூன்றையும் ஒழுங்காகக் கோத்துச் செய்ய 34 வாரம் வாக்கில்தான் வரும், இன்குபேட்டர் இல்லாமல் உடம்புச் சூடு நிற்க வேண்டும், எடை ஏற வேண்டும், கஃபீனை நிறுத்திய பிறகு சில நாள் தொடர்ந்து மூச்சு நிற்காமல் இருக்க வேண்டும், நடுவில் ஒரு தடவை நின்றாலும் மறுபடி ஒன்றிலிருந்து எண்ண வேண்டும். முதலில் இந்தப் பதில் எரிச்சலாக இருந்தது. போகப் போக, தேதி சொல்லாத அந்த மருத்துவரைத்தான் அதிகம் நம்பினேன். இப்போது கஸ்டமர் பதிவு தேதி கேட்டால் நானும் அப்படித்தான் பதில் சொல்கிறேன், இது இது முடிந்தால் அன்றைக்கு. சிலருக்கு அது பிடிப்பதில்லை.

மோசமான செய்தி வந்த நாட்களில் விலை பேசாதீர்கள். தொற்று இருக்குமோ என்று ரத்தம் எடுத்து அனுப்பிவிட்டு முடிவுக்காகக் காத்திருக்கிற நாள், மூளை ஸ்கேன் எடுக்கிற நாள், பால் செரிக்காமல் நிறுத்திவிட்ட நாள், இந்த நாட்களில் மனிதருக்கு எதுவும் பெரிதாகத் தோன்றாது, சரி சரி என்று எதற்கும் தலையாட்டத் தோன்றும், அல்லது தேவையில்லாமல் யார் மேலாவது எரிந்து விழத் தோன்றும். இரண்டுமே பேரத்துக்கு ஆகாது. தூக்கமில்லாத கண்ணால் பத்திரமும் படிக்கக்கூடாது. அந்த மாதங்களில் என் கையில் வந்த எந்த ஆவணத்தையும் இன்னொருவர் படிக்காமல் நான் அனுப்பவில்லை. அப்படி ஒன்றில் எல்லை அளவு தாய்ப்பத்திரத்தோடு ஒத்துவராததைக் கண்டுபிடித்தவள் தோழிதான். விற்பவருக்கே அது அதுவரை தெரியாது.

"பிள்ளை இப்படிக் கிடக்கும்போது வேலை என்ன வேண்டிக்கிடக்கு" என்று கேட்டவர்களுக்கு ஒரு வரி. ஆஸ்பத்திரி பில்லை நீங்கள் கட்டுவதாக இருந்தால் கேளுங்கள். என் கணவரை யாரும் அப்படிக் கேட்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அவருக்கு மாதச் சம்பளம், கொஞ்சம் விடுப்பு உண்டு. பிறந்த அன்றே எல்லாவற்றையும் எடுக்கத்தான் கிளம்பினார், நான்தான் தடுத்தேன். முதல் சில நாளைக்கு எடுங்கள், மீதியை அவன் வீட்டுக்கு வருகிற நாளுக்கு வையுங்கள். மெஷின், அலாரம், நர்ஸ் எல்லாம் இருக்கிற இடத்தில் இரண்டு பேரும் உட்கார்ந்துவிட்டு, எதுவுமே இல்லாத வீட்டில் ஒருவர் மட்டும் ராத்திரி முழுக்க அவன் நெஞ்சைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டாம் என்பது என் வாதம். எல்லாக் குடும்பத்துக்கும் இது சரிப்படும் என்று சொல்லமாட்டேன், குழந்தையின் நிலைமை மோசமாக இருந்தால் கணக்கே வேறு. எங்களுக்குச் சரிப்பட்டது.

டிஸ்சார்ஜ் ஆனதும் எல்லாம் முடிந்துவிடவில்லை. கண் பரிசோதனை ஒன்று இருக்கிறது, அதை மட்டும் எந்தப் பேரத்துக்காகவும் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக்கூடாது. குறைமாதக் குழந்தைகளின் விழித்திரையில் ரத்தக் குழாய்கள் தாறுமாறாக வளரும் அபாயம் உண்டு. பிறந்து நாலு வாரம் வாக்கில் முதல் பரிசோதனை, அப்புறம் இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை, சில சமயம் வாராவாரம், குழாய்கள் வளர்ந்து முடியும்வரை. சிகிச்சை தேவைப்பட்டால் செய்வதற்கான அவகாசம் சில நாட்கள்தான். பாடகர் ஸ்டீவி வொண்டர் 1950-இல் குறைமாதத்தில் பிறந்து இப்படித்தான் பார்வையை இழந்தார், ஆக்சிஜனை அதிகமாகக் கொடுத்தால் கண்ணைப் பாதிக்கும் என்பது அப்போது யாருக்கும் சரியாகத் தெரியாத காலம். என் மகனுக்கு லேசாக இருந்து தானாகவே சரியாகிவிட்டது. ஒரு பரிசோதனை நாளில் ஒரு பெரிய சொத்தின் பதிவு வந்தது, தோழி போனாள், நான் கண் மருத்துவரிடம் போனேன்.

இப்போது அவன் வயதுக்கு இரண்டு விதக் கணக்கு உண்டு, பிறந்த நாளிலிருந்து ஒன்று, பிறந்திருக்க வேண்டிய நாளிலிருந்து ஒன்று. தவழ்வது, உட்காருவது, பேசுவது எல்லாவற்றையும் இரண்டாவதை வைத்துத்தான் பார்க்க வேண்டும், இரண்டு வயது வரைக்கும். வேலைக்கு முழுமையாகத் திரும்பிவிட்டேன். இருமுகிற கஸ்டமரை மாஸ்க் போடச் சொல்லிவிட்டுத்தான் வீட்டுக்குள் விடுகிறேன், அந்தச் சின்ன நுரையீரலுக்குச் சாதாரண ஜலதோஷமே ஆஸ்பத்திரி வரைக்கும் இழுத்துப்போகும். ஞாயிற்றுக்கிழமை சைட் விசிட் எடுப்பதில்லை. எங்கள் தொழிலில் ஞாயிறுதான் கூட்டம் வருகிற நாள், அதை விட்டால் வருமானத்தில் ஒரு பங்கு போய்விடும் என்பது தெரியும், போயிற்று. தோழி ஞாயிறு பார்க்கிறாள், அவளுடைய புதன்கிழமை வேலை எனக்கு. அந்தக் கையெழுத்துப் போட்ட காகிதத்தை இந்த வருடமும் புதுப்பித்திருக்கிறோம், இந்தத் தடவை பாதிக்குப் பாதி. அவளுக்கு இது ஐந்தாவது மாதம், எல்லா ஃபைலையும் சாவியோடு இப்போதே கொடுத்துவை என்று நச்சரித்துக்கொண்டிருக்கிறேன்.